மீட்புப் படகை மட்டுமல்ல, மக்களின் நடமாட்டத்தையும் திட்டமிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் வெள்ளம் ஏற்படும்போதெல்லாம் எத்தனை படகுகள், எத்தனை முகாம்கள், எத்தனை உலர் உணவுப் பொதிகள் என்ற விபரம் உடனுக்குடன் வெளியாகிறது. ஆனால் அந்த நேரத்தில் மக்கள் எந்த வழியால், யாரைத் தேடிப் போவார்கள் என்பதை முன்கூட்டியே கணினியில் உருவகப்படுத்திப் பார்ப்பதற்கு அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மாநகர சபையும் முதலிடம் தர வேண்டும் என்பதே எனது கோரிக்கை.

ஜப்பானின் கோபே நகரை 1995 ஜனவரி 17 அன்று பூகம்பம் தாக்கியபோது, இடிந்த வீடுகளாலும் வாகன நெரிசலாலும் தீயணைப்பு வண்டிகள் வீதிகளில் முடங்கின. அந்தப் பேரழிவைக் கண்ட ஜப்பானிய ஆய்வாளர்கள், அம்புலன்ஸ், தீயணைப்புப் படை, பொலிஸார், பொதுமக்கள் ஆகியோரைத் தனித்தனிப் பாத்திரங்களாகக் கணினியில் நடமாடவிட்டு, எந்த வீதியை முதலில் திறந்தால் அதிக உயிர்களைக் காக்கலாம் என்று சோதிக்கும் ரோபோகப் மீட்புப் போட்டியை உருவாக்கினர். கூட்ட நெரிசலை ஆராயும் விஞ்ஞானி டிர்க் ஹெல்பிங்கும் அவரது சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வோ, ஒரே வாசலை நோக்கி எல்லோரும் முண்டியடித்தால் வெளியேறும் வேகம் குறைந்துவிடும் என்று காட்டியது.

ஆபத்து வந்தால் எல்லோரும் வெளியேறுவார்கள் என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடுவதுதான் பெரும் பிழை. 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கியபோது, வீட்டுப் பொருட்களுக்குக் காவலாக மேல்மாடியிலேயே தங்கிவிட்டவர்கள் பலர். பிள்ளை பாடசாலையில் இருந்தால் தாய் வெள்ளத்தை நோக்கித்தான் போவாள். அவளைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை, ஆனால் அவள் போகும் வழி திட்டத்தில் இருக்க வேண்டும். மீட்புப் பணியாளர்களோ சம்பவ இடம், காயமடைந்தோரைத் தரம் பிரிக்கும் இடம், அம்புலன்ஸ் நிற்கும் இடம் ஆகியவற்றுக்கிடையே திரும்பத் திரும்பப் போய் வருபவர்கள். இந்த இரண்டு ஓட்டங்களும் ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே வந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

புறக்கோட்டைக் குறுக்குத்தெருக்களில் இச்சோதனையைத் தொடங்கலாம். வேலைநாள் காலையில் அங்கே ஒரு பக்கம் லொறியிலிருந்து மூட்டை இறங்கும், மறுபக்கம் நடைபாதைக் கடைகள் நிற்கும், நடுவில் மிஞ்சும் இடத்தில் சுமை தூக்கும் நாட்டாமிமாரின் கைவண்டிகள் ஓடும். அதே தெரு பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வெறிச்சோடிக் கிடக்கும். இரு நாட்களுக்கும் ஒரே மீட்புத் திட்டம் பொருந்தாது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளும் அப்படித்தான்; இருமருங்கிலும் வாகனங்கள் தரித்து நிற்கும் இரவில், தொடர்மாடியொன்றில் தீப்பற்றினால் தீயணைப்பு வண்டி எங்கே நிற்கும்?

தரவு இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. பெயர் விபரம் நீக்கப்பட்ட கைத்தொலைபேசித் தரவுகளைக் கொண்டு கொழும்பின் அன்றாட நடமாட்டத்தை லேர்ன் ஏசியா (LIRNEasia) என்ற ஆய்வு நிறுவனம் ஏற்கெனவே ஆராய்ந்திருக்கிறது. அத்துடன் ஒவ்வொரு பிரிவின் கிராம உத்தியோகத்தரையும் முச்சக்கர வண்டிச் சாரதிகளையும் கேட்டால், வரைபடத்தில் இல்லாத குறுக்குப் பாதைகளும் மழைக்கு முதலில் மூழ்கும் சந்திகளும் தெரியவரும். அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்னர் இப்பணியை ஆரம்பித்து, கிடைக்கும் வழிவரைபடங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வட்டாரம் வட்டாரமாக மக்களுக்கு வழங்குமாறு பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13