பச்சை முகத்து டீச்சருக்கு

அன்புள்ள மார்கரெட் ஹாமில்டன் டீச்சருக்கு,

டீச்சர் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். ஒரு ஹாலிவுட் படத்தில் போட்ட வேடத்துக்காக உலகம் உங்களைச் சூனியக்காரி என்றுதான் கூப்பிட்டது. நீங்களும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளாமல், ஆட்டோகிராஃப் கேட்டவர்களுக்குப் பெயரோடு மூன்று டபிள்யூ போட்டுக் கொடுத்தீர்கள், மேற்குத் திசையின் பொல்லாத சூனியக்காரி (Wicked Witch of the West) என்பதன் சுருக்கமாக. ஆனால் சினிமாவுக்கு வரும் முன் நீங்கள் பார்த்த வேலை கிண்டர்கார்டன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. அதனால் எனக்கு நீங்கள் டீச்சர்தான்.

நீங்கள் போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிவிட்டது. இப்போது போய் எதற்குக் கடிதம் என்றால், காரணம் என் மகள். ஆறு வயது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பாட்டு இருக்கிறது, நாய்க்குட்டி இருக்கிறது, பிள்ளைக்குப் பிடிக்கும் என்று நினைத்து நீங்கள் சூனியக்காரியாக வரும் ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தைப் போட்டேன். நாய்க்குட்டி வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் சிவப்புப் புகை கிளம்பியது, அதற்குள்ளிருந்து நீங்கள் வந்தீர்கள், ஒரு சிரிப்புச் சிரித்தீர்கள், அவ்வளவுதான், என் முதுகுக்குப் பின்னால் போனவள் வெளியே வரவே இல்லை. அன்றிலிருந்து ராத்திரி பாத்ரூம் போகக்கூட ஆள் துணை வேண்டும். எங்கள் வீட்டில் பூச்சாண்டி இல்லாமல்தான் இத்தனை நாளாகச் சோறு ஊட்டினோம். ஒரே சாயங்காலத்தில் நானே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டேன்.

“அவங்க நிஜத்துல டீச்சரும்மா” என்று அவளைச் சமாதானப்படுத்த ஆரம்பித்தேன். “எந்த ஸ்கூல்?” என்றாள். அந்த ஒரு கேள்விக்காகத் தேடப் போய், ஒரு வாரம் முழுக்க உங்களோடே இருந்துவிட்டேன்.

1902 டிசம்பரில் ஒஹையோவின் கிளீவ்லாந்தில் பிறந்தீர்கள். நடிப்பு ஆசை சின்ன வயதிலிருந்தே இருந்தாலும், முதலில் பாஸ்டனில் கிண்டர்கார்டன் ஆசிரியைக்கான படிப்பை முடித்தீர்கள், பிள்ளைகளோடு வேலை பார்த்தீர்கள். அப்புறம்தான் கிளீவ்லாந்து பிளே ஹவுஸ் நாடக அரங்கம், 1932இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை, அடுத்த வருஷமே சினிமா. சினிமாவில் உங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் ஒரே ஜாதி வேடங்கள்: மூக்கை நுழைக்கும் பக்கத்து வீட்டுக்காரி, முறைக்கிற வேலைக்காரி, சிரிக்கவே தெரியாத முதிர்கன்னி. கதாநாயகிக்கு வேண்டிய முகம் இல்லை என்று ஊரே முடிவு செய்த பிறகு, அந்த நீண்ட மூக்கையும் கூர்மையான தாடையையும் வைத்தே ஒருவர் பிழைத்துக்காட்டினார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதைவிடப் பிடித்தது உங்கள் கணக்கு. கல்யாணம் 1938இல் முறிந்துபோனது, கையில் சின்னப் பையன். எந்த ஸ்டூடியோவோடும் நீண்டகால ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாமல், வாரத்துக்கு ஆயிரம் டாலர் என்று விலை வைத்து, வருகிற சின்ன வேடங்களை எல்லாம் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். ‘இவ்வளவுதான் என் கூலி, யார் கொடுத்தாலும் வருவேன்’ என்பது போல. இதில் ஒரு கொத்தனாருடைய மானம் இருக்கிறது.

சூனியக்காரி வேடம் முதலில் உங்களுக்கு வரவில்லை. கேல் சாண்டர்கார்டைத்தான் போட்டிருந்தார்கள். பளபளவென்று, அழகான, ஆபத்தான சூனியக்காரி என்பது முதல் யோசனை. பிறகு சூனியக்காரி என்றால் அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவாகவும், அவர் விலகிக்கொண்டார். 1938 அக்டோபரில், படப்பிடிப்பு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது நீங்கள் உள்ளே வந்தீர்கள். படத்துக்கு மூலமான ஓஸ் புத்தகம் உங்களுக்குக் குழந்தையிலிருந்தே உயிர். படத்தில் ஒரு வேடம் இருக்கிறது என்று ஏஜென்ட் சொன்னதும் சந்தோஷப்பட்டு, என்ன வேடம் என்று கேட்டீர்களாம். சூனியக்காரி என்றாராம். சூனியக்காரியா என்று அதிர்ந்தால், பின்னே வேறென்ன என்றாராம் அந்த மனுஷன்! பிற்பாடு பேட்டிகளில் இதை நீங்களே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் கண்ணாடி பார்த்திருப்பீர்களோ என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

அந்தப் பச்சைச் சாயத்தில் தாமிரம் கலந்திருந்தது. உள்ளே போனால் விஷம். அதனால் மேக்கப் போட்டால் ஒழுங்காகச் சாப்பிட முடியாது, ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறது மாதிரி எதையாவது குடித்துச் சமாளிக்க வேண்டும். படம் முடிந்து பல வாரம் வரைக்கும் முகத்தில் பச்சை போகவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். கூட நடித்தவர்கள் பாடும் குறைச்சலில்லை. தகரமனிதன் வேடத்துக்கு முதலில் வந்த பட்டி எப்சன், முகத்தில் அடித்த அலுமினியத் தூளை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், வேடமும் கைமாறியது.

அப்புறம் டிசம்பர் 23. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால்.

மஞ்ச்கின்கள் என்ற குட்டி மனிதர்களின் ஊரிலிருந்து சூனியக்காரி மறையும் காட்சி. சிவப்புப் புகை வந்து உங்களை மூடும், நீங்கள் தரையிலுள்ள கதவு வழியாகக் கீழே இறங்குவீர்கள், இறங்கிய பிறகு மேலே தீ கொப்பளிக்கும். முதல் டேக் சரியாகவே வந்தது. புகை ஒரு நொடி முந்திக் கிளம்பியது, அவ்வளவுதான் குறை. இன்னொன்று எடுத்துவிடலாம் என்று எடுத்தார்கள். இந்தத் தடவை தீ முந்திக்கொண்டது. நீங்கள் இன்னும் இறங்கி முடியவில்லை. தொப்பியும் துடைப்பமும் பற்றி, முகமும் கையும் வெந்துவிட்டன. அதோடு முடியவில்லை. வெந்த தோலின் மேல் தாமிரச் சாயம் இருக்கிறதே, அதை உடனே எடுத்தாக வேண்டும், எடுக்க ஆல்கஹால் வேண்டும். பச்சைப் புண்ணில் ஆல்கஹால். இந்த இடத்தைப் படித்தபோது லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

கடைசியில் படத்தில் வைத்தது அந்த முதல் டேக்கைத்தான். கவனித்துப் பார்த்தால் புகை முந்திக் கிளம்புவது தெரிகிறது. இரண்டாவது டேக் தேவையே இருக்கவில்லை, டீச்சர்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தீர்கள். வழக்குப் போடவில்லை. போட்டால் இந்த ஊரில் இனி வேலை கிடைக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூடியோவின் சொந்த ஆளாகவும் இல்லாமல், வாரக் கூலிக்கு வேலை பார்க்கிறவர் வேறென்ன செய்ய முடியும்? ஒரே ஒரு நிபந்தனை: இனி தீயோடு எனக்குச் சம்பந்தம் இல்லை. புகை விடும் துடைப்பத்தில் உட்காரச் சொன்னபோது முடியாது என்றீர்கள். உங்களுக்குப் பதிலாக உட்கார்ந்த பெட்டி டாங்கோவுக்கு அந்தப் புகைக்குழாய் வெடித்துக் காலில் பெரிய காயம். ‘நல்லவேளை மறுத்தேன்’ என்று அன்றைக்கு உங்களால் நினைக்க முடிந்திருக்குமா? எனக்கென்னவோ முடிந்திருக்காது என்றுதான் படுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு படத்தில் நீங்கள் சூனியக்காரியாக வருவது கிட்டத்தட்ட 12 நிமிஷம். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று பல இடங்களை வெட்டிவிட்டார்கள்! வெட்டாமல் விட்டதற்கே என் வீட்டில் இந்தக் கதி.

1939இல் படம் வெளிவந்தபோது செலவழித்ததைப் பெரிதாக மீட்டுக்கூடத் தரவில்லை. உங்களை நிரந்தரமாகச் சூனியக்காரி ஆக்கியது டிவி. 1956 நவம்பரில் முதல் தடவை ஒளிபரப்பினார்கள். 1959க்கு அப்புறம் வருஷா வருஷம் பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டி, உங்களை வேகவைத்த அந்தப் பச்சை அதில் தெரியவே தெரியாது. சாயம் இல்லாமல் வெறும் குரலையும் விரலையும் வைத்தே ஒரு தலைமுறையைப் போர்வைக்குள் தள்ளியிருக்கிறீர்கள். அத்தனை ஒளிபரப்புக்கும் நடிகர்களுக்குப் பங்கு எதுவும் கிடையாது, அந்தக் காலத்து ஒப்பந்தம் அப்படி.

இதற்கிடையில் நீங்கள் செய்துகொண்டிருந்ததைச் சொன்னால் யார் நம்புவார்கள்? 1948இலிருந்து மூன்று வருஷம் பெவர்லி ஹில்ஸின் கல்வி வாரியத்தில் உறுப்பினர். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம். எழுபதுகளில் காப்பித்தூள் விளம்பரத்தில் கோரா என்ற கடைக்காரம்மா, மேக்ஸ்வெல் ஹவுஸ் தவிர வேறு தூளே விற்காதவர். ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரில் மார்ட்டிஷாவின் அம்மா. படங்கள், நாடகங்கள் என்று இன்னும் நிறைய இருக்கிறது, எல்லாம் எழுதினால் கடிதம் தாங்காது. ஆனால் ஒரு சின்னப் பிள்ளை உங்களிடம் வரும், அதன் அம்மா “இவங்கதான் அந்தச் சூனியக்காரி” என்பார், பிள்ளையின் முகம் விழுந்துபோகும். படத்தின் நாயகியான சின்னப் பெண் டோரத்தியிடம் ஏன் அப்படி நடந்துகொண்டீர்கள் என்று கேட்கும். பிள்ளைகளோடு இருப்பதற்கென்றே படித்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

1975இல் ஃபிரெட் ராஜர்ஸின் குழந்தைகள் நிகழ்ச்சிக்குப் போனீர்களே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி வந்து உட்கார்ந்து, நடிப்பு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு நிதானமாகச் சொல்கிறார். சூனியக்காரி பக்கமும் கொஞ்சம் பேசுகிறார், பாவம், அவள் ஆசைப்படுவது எதுவுமே அவளுக்குக் கிடைப்பதில்லை என்று. அப்புறம் அந்தக் கறுப்பு உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, நம் கண் முன்னாலேயே போட்டுக்கொள்கிறார், ராஜர்ஸ் கூடவே நின்று உதவுகிறார். பச்சைச் சாயம் இல்லை, புகை இல்லை. பாவாடை, மேல்சட்டை, தொப்பி. அந்தக் கிளீவ்லாந்து டீச்சர் எப்படிப் பாடம் எடுத்திருப்பார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் தொடர். 1976 பிப்ரவரி 10. சூனியக்காரி துடைப்பத்தைத் தவறவிட்டு, அதைத் திரும்ப வாங்க அந்தத் தெருவுக்கு வந்து மிரட்டுகிறாள், மரியாதையாகக் கேட்டால்தான் தருவேன் என்கிறார் அந்தத் தெருவாசி டேவிட். பிள்ளைகள் அலறினார்கள் என்று பெற்றோரிடமிருந்து புகார் குவிந்தது, அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. 2022இல் இணையத்தில் கசிந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்கள் பார்த்தோம். அந்தப் பெற்றோர்களைக் கிண்டல் செய்து நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, ராத்திரி பாத்ரூமுக்குத் துணை போகிறவள் நான். ஆனால் ராஜர்ஸ் வீட்டில் உடுப்பு கண் முன்னால் ஏறியது, இங்கே நீங்கள் பச்சை முகத்தோடு நேராக வந்து இறங்கினீர்கள், வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பள்ளிகளுக்குப் போனால் அந்தச் சிரிப்பைச் சிரிக்கச் சொல்வார்கள், சிரித்துக் காட்டினால் ஏன்டா கேட்டோம் என்று ஒரு நொடி உறைந்துபோவார்கள், பெரிய பிள்ளைகளும்தான், என்று நீங்கள் சொன்னதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அதில் உங்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்காதீர்கள்.

1985 மே மாதம், 82 வயதில், கனெக்டிகட்டில் போய்ச் சேர்ந்தீர்கள். 2003இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவனம் வில்லன்களுக்கு ஒரு பட்டியல் போட்டது. உங்கள் சூனியக்காரிக்கு நான்காவது இடம். முன்னால் இருந்த மூன்று பேரும் ஆண்கள்.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். ராஜர்ஸ் காட்சியை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள், பிறகு மடியில் வந்து உட்கார்ந்தாள். தீக்காயக் கதையை நான் சொல்லவில்லை, அது பின்னால் ஒருநாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளே கேட்டாள், மறுபடி படத்தைப் போட்டோம், இந்தத் தடவை முடியும் வரை இருந்தாள், கையைப் பிடித்துக்கொண்டு. வாளித் தண்ணீரில் நீங்கள் கரைந்துபோன இடத்தில் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் டோரத்தி காலில் இருக்கும் ஷூவைப் பற்றிக் கேட்டாள்: “அந்தச் சிவப்பு ஷூ அவங்க அக்காவோடதுதானே? அக்கா செத்துப்போனா அவங்களுக்குத்தானே தரணும்? ஏம்மா தரல?”

நான் முழித்தேன். நீங்களே சொல்லுங்கள் டீச்சர், என்ன பதில் சொல்ல?

அன்புடன்,
ஆறு வயதுப் பெண்ணின் அம்மா