பித்தப்பையை எடுத்த பிறகு

சிம்மக்கல், மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. "பித்தப்பையை எடுத்துட்டா சாப்பாடு எப்படிடா செரிக்கும்?" என்று கேட்டிருந்தாயே, அந்த ஒரு வரி மனசை விட்டுப் போகவில்லை. போன வருஷம் எனக்கு எடுக்கும்போது இதே பயத்தில் நானும் தூங்காமல் கிடந்தேன்.

செரிமானம் என்றாலே நாம் இரைப்பையைத்தான் நினைக்கிறோம். அது சோற்றைக் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புகிற இடம். பெரிய வேலையெல்லாம் சிறுகுடலில்தான். சுமார் 6 மீட்டர் நீளம், மடிந்து மடிந்து கிடக்கிறது. முதல் 25 சென்டிமீட்டருக்குள்ளேயே கணைய நீரும் பித்த நீரும் வந்து சேர்ந்துவிடும். கணைய நீர் இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தை முறிக்கும். அதிலுள்ள நொதிகள், அதாவது என்சைம்கள், மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும். பித்த நீரின் வேலை வேறு. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு போட்டால் பிசுக்கு எப்படிப் பிரிகிறது? அதுபோலக் கொழுப்பைப் பொடித் துளிகளாக்கும். அப்போதுதான் நொதி அதை நெருங்க முடியும்.

இதில் நீ மனசில் வைக்க வேண்டியது, பித்தம் சுரப்பது கல்லீரலில். பை அதைச் சேர்த்து வைக்கிற தொட்டி மட்டும்தான். தொட்டி போனாலும் ஊற்று நிற்காது. எனக்கு இப்போது சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகிறது. அதனால் ஒரே நேரத்தில் நிறையக் கொழுப்பு இறங்கினால் சமாளிக்காது. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் வாரம் ஆசைப்பட்டு இரண்டு கறிதோசை சாப்பிட்டேன். ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. மாசம் போகப் போகப் பழகிவிட்டது. இப்போது ஒன்று சாப்பிடுகிறேன், ஒன்றும் செய்வதில்லை.

அப்புறம் ஒன்று. குடலின் உள்சுவர் முழுக்க, சுமார் ஒரு மில்லிமீட்டரே உள்ள விரல் மாதிரி நீட்சிகள். சத்தை உறிஞ்சுவது அவைதான். வைகைத் தண்ணீர் வழிநெடுகக் கண்மாய் கண்மாயாகப் பிரிந்து, கடலுக்குப் போவதற்குள் வற்றிவிடுகிறதே, சாப்பாடும் அப்படித்தான். சர்க்கரையும் புரதச் சத்தும் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போகும். கொழுப்பில் பெரும்பங்கு, ரத்தக் குழாய் இல்லாமல் தனிக் குழாய்களில் ஓடுகிற நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். அந்த நீட்சிகளைப் போர்த்தியிருக்கும் செல்கள் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகின்றனவாம். படித்ததிலிருந்து என் வயிற்றின் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

சரி, தேதி குறித்ததும் எழுது. முதல் நாள் ராத்திரியே ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிவிடுவேன். ஆஸ்பத்திரியில் நான் கூட இருக்கிறேன், தங்கச்சியை அலைய விடாதே.

உன்
சேகர்