ஒரே ஒரு விசை உள்ள குழல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள், "ஒரு வேளை விடாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்ற உன் பழைய சட்டம் இதில் செல்லாது. இன்னும் சில நாள் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் இதைப் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேள். நீளமான கடிதம்தான். அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டு.

இங்கே எல்லோரும் நலம். மகளும் மருமகனும் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பேரன் நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஜெர்மனில் பதில் சொல்கிறான்; பாயசம் வேண்டும் என்றால் மட்டும் தமிழ் சரளமாக வருகிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பெர்லினில் என்ன கேட்கிறாய், சிம்பொனியா?" என்று எழுதியிருந்தாய். சிம்பொனி இல்லை, அதைவிட மிகச் சிறிய சமாசாரம். பதினெட்டாம் நூற்றாண்டுக் குழலிசை, அதுவும் அந்தக் காலத்துக் கருவிகளிலோ அவற்றை அளவெடுத்துச் செய்த நகல்களிலோ வாசிப்பது. குழல், வயலின், வியோலா ட காம்பா (செல்லோ போன்ற வில் கருவி), ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) என்று மூன்று நான்கு பேர், மைக் கிடையாது, சிறிய அறை. கல்லூரி விடுதியில் விடியற்காலையில் குழல் சாதகம் செய்து என் தூக்கத்தைக் கெடுத்தவன் நீ. ஆகவே இதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். மகளிடம் சொன்னால் பொறுமையாகத் தலையாட்டுகிறாள், அதோடு சரி.

போன மாதம் ஒரு பழைய தேவாலயத்தின் பக்க அறையில் இப்படி ஒரு கச்சேரி. இரண்டாம் வரிசையில் இடம் கிடைத்தது. வாசித்த பெண்மணி கையில் இருந்தது மரக்குழல். மஞ்சள் பழுப்பு நிறத்தில் பாக்ஸ்வுட் மரம். நான்கு துண்டுகளாகப் பிரித்து மாட்டலாம். மூட்டுகளில் வெள்ளைப் பூண். அந்தக் காலத்தில் அது தந்தம், இப்போது அதைப் போன்ற வேறு ஏதோ. விரலுக்கு ஆறு துளைகள். அடிப்பகுதியில் வலது சுண்டு விரலுக்கு ஒரே ஒரு உலோக விசை. அவ்வளவுதான் மொத்தக் கருவியும். வாசிக்கும் முன் அதைக் கையிடுக்கில் வைத்துச் சூடேற்றிக்கொண்டார். ஒவ்வொரு உருப்படி முடிந்ததும் துணி சுற்றிய குச்சியை உள்ளே விட்டு ஈரத்தைத் துடைத்தார். மரம் ஈரம் குடித்தால் சுருதி நகர்ந்துவிடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சுருதி என்றதும் ஒன்று. இப்போது மேற்கத்திய இசையில் 'ஏ' ஸ்வரத்துக்கு விநாடிக்கு 440 அதிர்வு என்று பொதுவாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பரோக் என்று சொல்லும் இந்தப் பழைய இசையை வாசிப்பவர்கள் பொதுவாக 415 வைத்துக்கொள்கிறார்கள். நம் கணக்கில் அரைக் கட்டை இறக்கம். பிரெஞ்சு இசை என்றால் 392, ஒரு முழுக் கட்டை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதி வேறு. அதனால் குழலின் நடுத்துண்டை மட்டும் வெவ்வேறு நீளங்களில் செய்து பெட்டியில் வைத்திருப்பார்கள். போகிற ஊருக்குத் தக்கதை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். நீ கட்டைக்கு ஒரு குழலாகப் பையில் சுமந்தாய், அவர்கள் கட்டைக்கு ஒரு துண்டு சுமந்தார்கள்.

இனி முக்கியமான விஷயம். இந்தக் குழலுக்கு இயல்பான ஸ்கேல் டி மேஜர். விரலை ஒவ்வொன்றாக எடுத்தால் அந்த ஸ்வரங்கள் பளிச்சென்று வரும். அதற்கு வெளியே உள்ள எஃப், பி ஃப்ளாட், ஏ ஃப்ளாட் போன்றவை வேண்டுமென்றால், ஒரு துளையைத் திறந்து வைத்து அதற்குக் கீழே உள்ளதை மூட வேண்டும். அப்படி எடுக்கும் ஸ்வரம் மங்கலாக, மூடிய வாய்க்குள் முனகுவது போல வரும். நீ துளையைப் பாதி மூடி எடுக்கும் ஸ்வரத்துக்கும் திறந்து எடுக்கும் ஸ்வரத்துக்கும் நாதத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று உன் விரலுக்கே தெரியும். ஆகவே இந்தக் குழலில் ஒரே வரிக்குள் சில ஸ்வரங்கள் வெளிச்சத்திலும் சில நிழலிலும் நிற்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைக் குறை என்று முடிவு கட்டினார்கள். மியூனிக்கில் தியோபால்ட் போம் என்பவர் கணக்குப் போட்டு, துளைகளைப் பெரிதாக்கி, இடம் மாற்றி, விரல் எட்டாத துளைகளுக்கெல்லாம் விசை வைத்து, 1847-ல் நேர் உருளையாக உலோகக் குழல் செய்தார். இன்று மேற்கத்திய இசைக்குழுக்களில் நீ பார்க்கும் வெள்ளிக் குழல் அதன் வழிவந்ததுதான். எல்லா ஸ்வரமும் ஒரே பலம், ஒரே நிறம், பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை கேட்கும். அது பிரமாதமான கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் 1740-களில் எழுதியவர்கள் அந்த நிழல்களைத் தெரிந்தே எழுதினார்கள். வெள்ளிக் குழலில் அதே உருப்படியை வாசித்தால் ஸ்வரங்கள் எல்லாம் இருக்கும், நிழல் இருக்காது.

இதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி, அன்று இரண்டாவதாக வாசித்தது, ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் ட்ரையோ சொனாட்டா. அதன் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் குழல் பைத்தியம். இளவரசனாக இருந்தபோது அப்பாவுக்கு இது அறவே பிடிக்காது. ஒளிந்து ஒளிந்துதான் கற்றுக்கொண்டார். ட்ரெஸ்டன் நகரிலிருந்து வந்து அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் குவான்ட்ஸ். பட்டத்துக்கு வந்ததும் மன்னர் அதே வாத்தியாரை ஆண்டுக்கு 2,000 தாலர் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். செய்து கொடுக்கும் குழலுக்குத் தனிப் பணம், எழுதும் இசைக்குத் தனிப் பணம். மன்னர் வாசிக்கும்போது "பிராவோ" சொல்லும் உரிமை குவான்ட்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை என்றால் மன்னர் எங்கோ சறுக்கிவிட்டார் என்று மற்றவர்கள் புரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. வாத்தியார் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

1747 மே மாதம் பாஹ் லைப்சிக்கிலிருந்து, பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாமில் இருந்த மன்னரிடம் வந்தார். அவருடைய மகன் கார்ல் பிலிப் இமானுவேல்தான் அரண்மனையில் மன்னருக்கு ஹார்ப்சிகார்ட் வாசித்துக்கொண்டிருந்தவர். மன்னர் ஒரு மெட்டைக் கொடுத்து, அதை வைத்து அங்கேயே வாசித்துக் காட்டச் சொன்னார். பாஹ் வாசித்தார். ஊர் திரும்பிய பிறகு அதே மெட்டை வைத்து ஒரு தொகுப்பே எழுதி அச்சிட்டு 'இசைக் காணிக்கை' என்று மன்னருக்கு அனுப்பினார். அதில் உள்ளதுதான் குழல், வயலின், தாழ்ஸ்வரத் துணை என்று எழுதிய இந்தச் சொனாட்டா. குழல் வாசிக்கும் மன்னருக்குக் குழல் உருப்படி, நியாயம்தானே. ஆனால் கிழவர் அதை எந்த ஸ்கேலில் எழுதினார் தெரியுமா? சி மைனர். இந்தக் குழலுக்கு வில்லங்கமான இடம். எஃப் மங்கல், ஏ ஃப்ளாட் மங்கல், பி ஃப்ளாட் மங்கல். மன்னர் கொடுத்த மெட்டும் அந்த ஸ்கேலில்தான் இருந்தது, அதன் பின்பாதி அரை அரை ஸ்வரமாகப் படியிறங்குவது. விரல்களுக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய சிக்கல்.

வெள்ளிக் குழலில் இதன் முதல் பகுதியைப் பல முறை கேட்டிருக்கிறேன். அழகான சோகம், அவ்வளவுதான். மரக்குழலில் கேட்டபோது, லார்கோ என்று மெதுவாகப் போகும் அந்தப் பகுதியில் குழல் பாதி வாக்கியத்தை வெளியே சொல்லி மீதியை விழுங்குவது போல இருந்தது. பக்கத்தில் வயலின் அதே வரியை எடுக்கும்போது ஆட்டுக் குடலில் செய்த அதன் நரம்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே செய்தி, ஒருவருக்கு மட்டும் தொண்டை அடைக்கிறது. மூன்றாம் பகுதியில் இரண்டிரண்டு ஸ்வரங்களாகப் பெருமூச்சுகள், ஒன்று சற்று உரக்க, அடுத்தது மெதுவாக. அப்போது பெர்லினில் அந்தப் பாணிக்கு நல்ல மவுசு. பாஹ் அதை எடுத்துக்கொண்டு இத்தனை வினோதமான இடங்களுக்கு இழுத்துப் போகிறார் என்றால், மன்னருக்கு மரியாதையா, குறும்பா என்று எனக்கு இன்னும் சந்தேகம். குறும்பு என்பது என் கட்சி.

மன்னர் இதை வாசித்தாரா என்பதற்குப் பதில் தேடி அலையாதே. அவருக்குப் பிடித்தது குவான்ட்ஸ் அவருக்கென்றே எழுதிக் குவித்த கான்செர்ட்டோக்கள், ஏறத்தாழ 300. சிலவற்றைக் கேட்டேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், மூன்றாவதில் கண் சொக்கியது. ஆனால் அந்த மனிதர் 1752-ல் எழுதிய குழல் பாடநூல் வேறு ரகம். அதில், நாக்கால் ஸ்வரத்தைத் தட்டி எடுக்கும் துத்துக்காரத்துக்கே அசைகள் வகுத்திருக்கிறார்: டி, டிரி, டிட்ல். அவருக்கு முன்பே, 1707-ல், பாரீஸில் ஓத்தெத்தேர் என்ற குழல்காரர் 'டு', 'ரு' என்று இரண்டு அசை வைத்து எழுதினார். நாக்கு இப்படி மாறி மாறிப் புரளும்போது, தாளில் சமமாக இருக்கும் ஸ்வரங்கள் காதில் சமமாக வராது. ஒன்று சற்று நீண்டு, ஒன்று சற்றுக் குறுகி, பேச்சு நடை வந்துவிடுகிறது. இன்னொன்றும் உனக்குப் பிடிக்கும். நீண்ட ஸ்வரத்தில் மூச்சால் அசைவு கொடுக்காமல், திறந்த துளையின் விளிம்பில் விரலை மெல்லத் தட்டி ஸ்வரத்தை ஆடவிடுகிறார்கள். 'ஃப்ளாட்மாங்' என்று பெயர். அந்தப் பெண்மணி அதைச் செய்தபோது பக்கத்தில் இருந்தவர் பார்க்கும்படி என் விரலும் மடியில் ஆடியது.

போட்ஸ்டாமில் அந்த மன்னரின் சான்சூசி அரண்மனையையும் பார்த்துவிட்டேன். இசை அறை நாம் எண்ணுவது போலப் பெரிய மண்டபம் இல்லை. வெள்ளைச் சுவரில் தங்கக் கொடிகள், கண்ணாடிகள், நடுநடுவே பழங்கதை ஓவியங்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கால் பங்கு கூட இருக்காது. அந்தக் குழலின் சத்தத்துக்கு அந்த அறை போதும். மன்னரின் கல்லறை வெளியே மொட்டை மாடி போன்ற மேட்டில் இருக்கிறது. மேலே உருளைக்கிழங்கு வைத்திருக்கிறார்கள்! குடிமக்களை உருளைக்கிழங்கு பயிரிட வைத்த புண்ணியத்துக்காம். இதே மனிதர்தான் பட்டத்துக்கு வந்த 1740-லேயே, ஆஸ்திரியாவின் வசம் இருந்த சைலீசியாவுக்குள் படையோடு புகுந்தவர். குழல் வாசித்தால் மனம் இளகும் என்று உன் குரு சொல்வாரே, அவரிடம் இதைச் சொல்லாதே.

கச்சேரியை முடித்து வைத்தது, பாஹ் காலத்து இசையமைப்பாளர் டெலிமானின் உருப்படி. அவர் 1737-ல் ஹாம்பர்க்கிலிருந்து பாரீஸ் போய் எட்டு மாதம் தங்கினார். அங்கே அச்சிட்ட நால்வர் உருப்படிகள் ஆறு. அவற்றை அப்போது அங்கே வாசித்துக் காட்டியவர்களில் குழல் பிளாவே, காம்பா ஃபோர்க்ரே. பிளாவே இடது கைக்காரர். குழலை மறுபக்கம் திருப்பிப் பிடித்து வாசித்தே பிரான்சின் தலைசிறந்த குழல்காரர் என்று பெயர் வாங்கியவர். முன்பணம் கட்டி வாங்கியவர்களின் பட்டியலில் லைப்சிக் பாஹின் பெயரும் இருக்கிறது.

இதில் நான் கவனித்தது குழலை அல்ல, காம்பாவை. கால்களுக்கு இடையில் நிறுத்தி வாசிக்கும் ஏழு நரம்புக் கருவி, கழுத்தில் வீணையில் இருப்பது போல, ஆனால் நரம்பாலேயே கட்டிய மெட்டுகள், வில்லை உள்ளங்கை மேல்நோக்கிப் பிடிக்கிறார்கள். டெலிமான் அதற்குப் பக்கவாத்திய வேலை கொடுக்கவில்லை. குழல் ஒன்று சொன்னால் காம்பா மறுக்கிறது, வயலின் நடுவே புகுகிறது, மூவரும் ஒரே குரல் வலிமை உள்ளவர்கள். வெள்ளிக் குழலும் எஃகு நரம்பும் வந்தால் குழல் தலைமைக்கு ஏறிவிடுகிறது, மற்றவர் சபையோர் ஆகிவிடுகிறார்கள். ஈ மைனரில் உள்ள ஆறாவது உருப்படியில் ஒரு பகுதிக்கு 'கவனம் சிதறியவர்' என்று பொருள்படத் தலைப்பு வைத்திருக்கிறார்; தாளம் ஒரு பக்கம் போக மெட்டு ஒரு பக்கம் நழுவுகிறது. என் பின்னால் இருந்த கிழவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

இடைவேளையில் ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி கூட்டினார்கள், வாசிப்புக்கு நடுவே வயலினுக்கும் காம்பாவுக்கும். அறையில் ஆள் கூடிச் சூடானால் குடல் நரம்பின் சுருதி மாறிவிடும். சிலர் பொறுமை இழந்தார்கள். நமக்குப் பழக்கமான காத்திருப்புதான், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

பழைய கருவியில் வாசித்தால்தான் அது அசல் என்று வாதாடும் கூட்டமும் இங்கே உண்டு. அவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. அந்த மன்னரே சில்பர்மான் செய்த புதுப் பியானோக்களை வாங்கி அடுக்கியவர். பழமைக்காகப் பழமையைப் போற்றியவர் இல்லை. எனக்கு இதில் கிடைப்பது கேட்கும் இன்பம்தான்.

கண் கட்டு அவிழ்ந்ததும் கேட்க இரண்டு சொல்கிறேன். ஹார்ப்சிகார்ட் வாசித்த குஸ்டாவ் லியோன்ஹார்ட்டும் கௌகன் சகோதரர்கள் மூவரும் சேர்ந்து வாசித்த 'இசைக் காணிக்கை'. அதே குழுவினர் வாசித்த டெலிமானின் பாரீஸ் நால்வர் உருப்படிகள். குழல் பார்ட்டோல்ட் கௌகன், ஒற்றை விசைக் குழல்தான். ஒலியைக் கூட்டி வைக்காதே. தெருவில் லவுட் ஸ்பீக்கர் கட்டியிருக்கும் நாளிலும் வேண்டாம். மார்கழி முடிந்து ஊர் அடங்கட்டும்.

கடைசியாக ஒரு யோசனை. ஜப்பானில் ஆலோஸ் என்ற பெயரில் பழைய குழல்களின் அளவிலேயே பிளாஸ்டிக்கில் குழல் செய்கிறார்கள். பிளாஸ்டிக் என்று முகம் சுளிக்காதே. மரக்குழல் வாங்கும் வசதி இல்லாத மாணவர்கள் இதில்தான் தொடங்குகிறார்களாம், ஈரம் குடிக்காது, வெடிக்காது. உனக்கு ஒன்று வாங்கி வரட்டுமா? துளைகளின் இடைவெளி உன் மூங்கிலிலிருந்து வேறுபடும், சுண்டு விரல் விசைக்கும் பழக வேண்டும், உதடும் முதல் வாரம் ஒத்துழைக்காது. வீட்டில் திட்டு விழுந்தால் என் பெயரைச் சொல்லலாம். மாதக் கடைசிக்குள் எழுது, கிளம்பும் முன் கடைக்குப் போய் வர வேண்டும். கூடவே, உன் தங்கை மகன் வேலை விஷயம் என்ன ஆயிற்று என்றும் எழுது. போன கடிதத்தில் பாதியில் விட்டுவிட்டாய்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறை நண்பன்