கோல்ஃப் மைதானத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர்: பராமரிப்புக் குழுவுக்கு

வணக்கம். நிலத்தடி நீரை விட்டுச் சுத்திகரித்த கழிவுநீருக்கு மாறுவது நல்ல முடிவு. குழாயை மாற்றினால் மட்டும் போதாது, உப்பைக் கவனிக்க வேண்டும்.

நீரின் ஈசி அளவை (மின்கடத்துத்திறன்; நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும்) மாதந்தோறும் பாருங்கள். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் நல்ல நீர் கலக்காமல் விடாதீர்கள். சோடியம் மிகுந்தால் களிமண் இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும், புல் நுனி கருகும். இதை வறட்சி என்று நினைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பவர்கள் உண்டு. அது உப்பை வேர்ப்பகுதியிலேயே குவிக்கும். மண்ணைத் துளையிட்டு, ஜிப்சம் தூவி, இடைவெளி விட்டு ஆழமாக நனையுங்கள். வடிகால் சரியாக இருந்தால் உப்பு கீழே இறங்கிவிடும்.

இந்த நீரிலேயே நைட்ரஜனும் பாஸ்பரஸும் இருக்கின்றன. ஆய்வறிக்கையைப் பார்த்து அந்த அளவுக்கு உரத்தைக் குறையுங்கள். வழக்கமான மூட்டைக் கணக்கிலேயே போட்டால் மிச்சம் குளத்தில் போய்ப் பாசியாகும். குளக்கரையில் 3 மீட்டர் அகலத்துக்காவது புல்லை வெட்டாமல், உரமும் மருந்தும் போடாமல் விடுங்கள்.

தெளிப்பான்களைச் சுற்றி ஒரே அளவு டப்பாக்களை வைத்து 15 நிமிடம் ஓட்டி, விழுந்த நீர் எத்தனை மி.மீ., எல்லா டப்பாவிலும் சமமா என்று அளந்து பாருங்கள். 1 ஏக்கரில் 1 மி.மீ. என்றால் சுமார் 4,050 லிட்டர். ஆட்கள் இல்லாத விடியற்காலையில் மட்டும் ஓட்டுங்கள். குடிநீர்க் குழாயோடு எந்த இணைப்பும் கூடவே கூடாது.