கடலைக் கடன்

அன்பின் சோடாப்போத்தலுக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஆடி பிறக்கப்போகிறது. திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் காலையில் நீ அனுப்பும் ரோசாப்பூப் படங்களுக்குப் பதில் வரவில்லை என்று குற்றப்பத்திரிகை வாசிக்காதே. அதெல்லாம் கணக்கில் இல்லை. இவர் சுகம். மூத்தவனுக்கு ஓ.எல். பரீட்சை வருடம், வீட்டில் யாரும் தும்மக்கூடாது. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து, உன்னுடைய இரண்டாம் வகுப்புப் படம் மாதிரியே திரிகிறாள். சின்னக்கா இன்னும் அதே கதைதான்.

இதைக் குரல் பதிவாக அனுப்பத்தான் பார்த்தேன். பாதியில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஸ்காபரோ முழுக்க அறிவித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் வேறொன்றுமில்லை, மாமி கடலை அவித்தார். 25 கிலோ.

முதலில் பௌத்தர்களின் வெசாக் பண்டிகையிலிருந்து சொல்ல வேண்டும். இத்தனை வருடமாக வெசாக் இரவில் நாங்கள் மொட்டைமாடியில் நின்று பார்ப்பதோடு சரி. இந்த முறை சின்னவள் பேரை வாவிக்குப் போயே ஆகவேண்டும் என்று பிடிவாதம். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கொம்பனித்தெருவில் இறங்கினோம். கடல் பக்கம் யன்னலோரம் வேண்டும் என்றாள் அவள். எங்களுக்கு நிற்கவே இடமில்லை. மாமிக்கு மட்டும் ஒரு பெடியன் எழும்பி இடம் கொடுத்தான். மாமி நன்றி சொல்லவில்லை, அவன் காலில் செருப்பில்லை என்று என்னிடம் குறை சொன்னார். அவன் விகாரைக்குப் போகிறவன் போல, வெள்ளை உடுப்பு.

வாவிக்கரையில் சனம் நெருக்கியடித்தது. மூங்கில் கட்டி மெல்லிய தாள் ஒட்டிய வெசாக் கூடுகள், தண்ணீரில் அவற்றின் நிழல். நடுவில் சீமா மாலகய விகாரை. அதை வரைந்தவர் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா என்று மூத்தவன் சொன்னான், பாடப்புத்தகத்துக்கு வெளியே அவனுக்கு ஏதோ தெரிந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. கட்டப் பணம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம் வர்த்தகர், இறந்துபோன மகன் நினைவாகக் கொடுத்தாராம். அதை நான் சொன்னதும் மாமி கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். மாமிக்கும் ஒரு மகன் கணக்கில் குறைவு என்பது உனக்குத் தெரியும்.

அங்கேதான் சும்மா சாப்பாடு கொடுக்கும் தன்சல்கள். சோறு ஒரு பக்கம், ஐஸ்கிரீம் ஒரு பக்கம், இரண்டுக்கும் காலி வீதி நீளத்துக்கு வரிசை. மாமி மரத்தடியில் நின்றுவிட்டார். “வரிசையில நிண்டு சும்மா வாங்கித் தின்ன என்ர அப்பர் என்னை வளர்க்கேல்லை.” கையில் வழக்கம்போல சுடுதண்ணீர்ப் போத்தல். (வீட்டுக்கு வெளியே அவர் பச்சைத்தண்ணீரும் குடிப்பதில்லை. உன்னுடைய கல்யாண வீட்டில் நடந்தது மறக்கவில்லையே?) பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும், ஒரு பிள்ளை பிளாஸ்ரிக் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். மாமியை இருத்திவிட்டு, போய் ஒரு கோப்பையோடு திரும்பினாள். பெலிமல், வில்வப்பூ அவித்த தண்ணீர், கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. மாமி குடித்தார். நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். மாமி கோப்பையை நீட்டி, மாமா காலியில் தபாற்கந்தோரில் இருந்த காலத்துச் சிங்களத்தில், இன்னும் கொஞ்சம் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே ஆராய்ச்சி. தானசாலைதான் தன்சலாம், அப்படியென்றால் எங்கட அன்னதானம்தானாம், நல்லூர்த் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் போட்டுத் தாகசாந்தி செய்வதுதானாம். “அங்க நான் சர்க்கரைத்தண்ணி வாங்கிக் குடிக்கேல்லையே, அதுக்கு வெக்கமா?” என்று எங்களிடமே கேட்டார், ஏதோ நாங்கள்தான் வெட்கப்படச் சொன்னது மாதிரி.

அடுத்த நாள் எங்கள் ஒழுங்கை முனையில் ஓட்டோக்காரர்களின் கடலைத் தன்சல். மாமி தானாகவே இறங்கிப் போனார். இரண்டு கடலை வாயில் போட்டார், மென்றார், அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னார்: “லுணு மதி.” உப்புக் காணாது! சும்மா கொடுக்கிறவனிடம்! எனக்குக் காலுக்குக் கீழே நிலம் நழுவியது. அவர்களோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அப்படியென்றால் அடுத்த மாதம் பொசன் பண்டிகைக்கு நீங்களே அவியுங்கள் அம்மே என்றார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். மாமியிடம் விளையாட்டு ஏது?

இங்கே நான் ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். அப்பாவை இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது உனக்குத் தெரியும், எதில் கொண்டுபோனேன் என்று சொன்னேனா? 2022 ஆகஸ்ட். பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீடு வந்த புதிது, ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர், லீற்றர் 450 ரூபாய். அந்த 5 லீற்றரில் ஏழு நாள் குடும்பம் ஓட வேண்டும். இரவு ஒன்றரை மணிக்கு நான் கீழே ஓடியபோது முனையில் ஒரே ஒரு பச்சை ஓட்டோ, உள்ளே ஓட்டோக்காரர் சுருண்டு படுத்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவரோடு சேர்ந்து அப்பாவைத் தூக்கிவந்து ஏற்றினார். விடியும்வரை வாசலில் நின்றார். மருந்து வாங்க வெளியே இரண்டு தரம் ஓடினார். காசை நீட்டினால், பிறகு பார்க்கலாம் என்று கையை மடக்கிவிட்டார். அதற்குப் பிறகு அப்பா ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். சின்னவளுக்கு ‘அ’ எழுதப் பழக்கியது அந்த ஒன்றரை வருடத்தில்தான்.

காசு கொடுக்க நான் எத்தனை தரம் போனேன்! ஒரு தரம் சோற்றுப் பார்சல் கொண்டுபோனேன், பக்கத்து ஓட்டோக்காரருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். பிறகு எனக்கே கூச்சமாகிவிட்டது. அந்த முனையைக் கடக்கும்போதெல்லாம் தவணை கட்டாதவள் மாதிரி நடப்பேன். அதனால் மாமி கடலைக்கு முன்வந்ததும் வாயை மூடிக்கொண்டு சரி என்றேன். இவர்தான் பாவம், காரணம் தெரியாமல் சாமான் சுமந்தார்.

பொசனுக்கு முதல் நாள் கோயிலிலிருந்து அன்னதானக் கிடாரம் இரவல் வாங்கினோம். கடலை இரவு முழுக்க ஊறி, காலையில் வாளிகளின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு நின்றது. கீழே கார் விடும் இடத்தில் அடுப்பு. அப்பச்சோடா விரல்நுனி அளவுக்கு மேல் போட்டால் தோல் கழன்று களியாகிவிடும் என்று மாமி காவலிருந்தார். ஒரு பெடியன் கரண்டியோடு வந்தான், கையில் அடி வாங்கினான். தன்சல் வைப்பதென்றால் முன்கூட்டியே பதிய வேண்டும். சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீர், பாத்திரம், அவிக்கிறவரின் நகம் வரை பார்த்தார். மாமி பத்து விரலையும் நீட்டிக் காட்டிவிட்டு, பதிலுக்கு அவருடைய நகத்தைப் பார்த்தார். தலையில் துவாய் கட்டிக்கொண்டு, செத்தல் மிளகாய், கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டுப் போட்டுத் தாளித்தார் பார், அந்த மணத்துக்கு மூன்றாம் மாடிக்காரரே இறங்கி வந்துவிட்டார். உனக்குத் தெரியும் அவர் யாருக்காகவும் இறங்காதவர். வாழையிலைத் துண்டில் அகப்பை அகப்பையாக வைத்துக் கொடுத்தோம். இரவு எட்டரைக்குக் கிடாரம் காலி. உப்புச் சரியாக இருந்தது. கொஞ்சம் கூட என்று எனக்குப் பட்டது, சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து கிடாரம் கழுவும்போது பச்சை ஓட்டோக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் வேறு நேரமில்லை என்று நினைத்தேன். “அண்ணே, 2022இல் அந்த இரவு நீங்கள் செய்த உதவி...” என்று தொடங்கினேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் அப்படியே மலர்ந்தது. “ஓ, உங்கள் நங்கி! வலி வந்து கத்திக்கொண்டு வந்தாவே! என்னுடைய சேட்டைப் பிடித்துக் கிழித்துவிட்டா. பிள்ளை எப்படி? மூன்று வயதாகப்போகுது இல்லையா?”

எனக்கு ஏதடி நங்கி, ஏதடி தங்கச்சி?

அந்த நாட்களில் எத்தனை பேரை ஏற்றினாரோ, எல்லாம் அவர் தலையில் ஒன்றாகக் கலந்துவிட்டது. நான் மூன்று வருடமாக நித்திரையில்லாமல் சுமந்த கடன் அவருடைய கொப்பியில் இல்லவே இல்லை. இல்லை அண்ணே, அது என் அப்பா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அந்தப் பிள்ளைக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டுக்கொண்டு நின்றார். அப்பா எப்படி என்று கேட்டால் நான் என்ன சொல்வது? “நல்லா இருக்கிறான்” என்றேன்.

“ஆர் நல்லா இருக்கிறான்?” என்றார் மாமி பின்னாலிருந்து.

அன்றிலிருந்து ஓட்டோக்காரர் தினமும் காலையில் பிள்ளையை விசாரிக்கிறார். போன கிழமை நேசரியில் சேர்த்துவிட்டோம் என்று சொல்லிவைத்தேன். நேற்று ஒரு பை நிறைய றம்புட்டான் தந்தார், பொடியனுக்காம். நானும் சின்னவளும் கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். இவருக்குச் சொன்னால் மூன்று நாளைக்குச் சிரிப்பார், மாமிக்குச் சொன்னால் நேரே போய் உண்மையைச் சொல்லிவிடுவார். உனக்குத்தான் சொல்கிறேன்.

டிசம்பரில் வருகிறாய் என்றால் மேப்பிள் பாணி கொண்டுவராதே, போன முறை கொண்டுவந்தது எறும்புக்குத்தான் போனது. அடுத்த வெசாக்குக்கு மாமிக்குப் பிடி சுடாத பெரிய அகப்பை ஒன்று வேண்டுமாம். இன்னொன்று, அவசரம். பொடியனுக்கு என்ன பெயர் என்று இன்று காலை கேட்டார். பஸ் வந்துவிட்டது என்று ஓடி வந்துவிட்டேன். நல்லதாக ஒன்று யோசித்து உடனே எழுது.

உன்,
கொட்டைப்பாக்கு