நூறாவது மழைக்கான எண்ணை அச்சிடுங்கள்: மழை ஜாக்கெட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மழை ஜாக்கெட்டுகளை வடிவமைத்துத் தைத்து விற்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் ஜாக்கெட்டுகள் கிழிந்தும் உரிந்தும் ஒழுகியும் கடைசியில் வந்து சேரும் இடம் பழுதுபார்க்கும் மேசை. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். கடையில் தொங்கும் புதுத்துணியின் எண்ணை அச்சிடுகிறீர்கள். தேய்ந்து, துவைத்து, வியர்வை ஊறிய பிறகு அந்தத் துணி எவ்வளவு தாங்கும் என்ற எண்ணையும் அச்சிடுங்கள். அந்த எண் சரியும்போது பிரித்துச் சரிசெய்ய முடிகிற மாதிரி ஜாக்கெட்டைத் தையுங்கள்.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். 20,000 மி.மீ. என்று அட்டையில் போடுகிறீர்கள். 20 மீட்டர் உயர நீர்த்தூணின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அதற்குப் பொருள். ஐ.எஸ்.ஓ. 811 சோதனையில் துணியைப் பிடிப்பானில் இறுக்கி, ஒரு பக்கம் நீரழுத்தத்தைச் சீராக ஏற்றிக்கொண்டே போவார்கள். மறுபக்கம் மூன்றாவது இடத்தில் துளி தோன்றும்போது அளவைக் குறித்துக்கொள்வார்கள். சோதனையில் குறை இல்லை. ஆனால் பெய்யும் மழை அந்த அழுத்தத்தின் பக்கத்தில்கூட வராது. ஈரத்தரையில் முழங்கால் ஊன்றினாலோ, கனத்த முதுகுப்பையின் வார் தோளை அழுத்தினாலோதான் அழுத்தம் கொஞ்சம் ஏறும். 10,000 என்பதை 20,000 ஆக்கியதால் நனையாமல் தப்பியவரை நாங்கள் பார்த்ததில்லை. ஜாக்கெட் தோற்பது வேறு இடத்தில்.

உங்கள் துறைக்கு அருகிலேயே இதைச் சரியாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மழையில் வேலை செய்வோரின் உடைக்கான ஐரோப்பியத் தரம் ஈ.என். 343. அதன் 2019 பதிப்பில் நீர்த்தடுப்புக்கு நான்கு வகுப்புகள். மேல் வகுப்புகளுக்கு முதலில் துணியை உரசி, மடக்கி, துவைத்து வதைத்த பிறகே நீரழுத்தம் கொடுத்துப் பார்க்கிறார்கள். மூன்றாம் வகுப்புக்குத் தேவை 13,000 பாஸ்கல். உங்கள் மொழியில் சொன்னால் ஏறத்தாழ 1,300 மி.மீ. நான்காம் வகுப்புக்கு 20,000 பாஸ்கல், அதாவது சுமார் 2,000 மி.மீ. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன எண். ஆனால் அது அடிபட்ட துணியின் எண். உங்களுடையது அடியே படாத துணியின் எண். எங்களுக்கு முன்னதுதான் பயன்படும்.

'ஒழுகுகிறது' என்று வரும் ஜாக்கெட்டுகளில் எல்லாமே ஒழுகுவதில்லை. புது மேல்துணியில் தண்ணீர், தாமரை இலையில் போல, உருண்டு ஓடும். நீர்விலக்கிப் பூச்சு தேய்ந்ததும் துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். தோளிலும் முன்கையிலும் திட்டுத் திட்டாகக் கறுத்து ஊறும். மேல்துணிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்புகாச் சவ்வு அப்போதும் முழுதாகவே இருக்கும், வெளித்தண்ணீர் உள்ளே வராது. ஆனால் ஊறிய மேல்துணி ஈரப் போர்வை மாதிரி சவ்வை மூடிவிடுவதால் வியர்வையின் ஆவி வெளியேற வழியில்லை. துணி குளிர்ந்து உள்பக்கம் ஆவி துளிர்க்கிறது, போட்டிருப்பவர் நனைகிறார், சவ்வைத் திட்டுகிறார். பிரித்தறிவது எளிது. சந்தேகப்படும் இடத்தை வெளிப்பக்கம் மேலாக வைத்துக் கிண்ணம்போல் குழித்து இரண்டு செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் உலர்ந்த டிஷ்யூ தாளை ஒற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். தாள் நனையாவிட்டால் சவ்வு நலம், பூச்சுதான் போயிருக்கிறது. இந்தச் சோதனையைக் கையேட்டில் நான்கு வரியில் எழுதியிருந்தால் எத்தனையோ ஜாக்கெட்டுகள் குப்பைக்குப் போயிருக்காது.

பூச்சு விஷயத்தில் இன்னொன்றையும் நீங்கள் வெளிப்படையாகச் சொல்லவில்லை. பழைய பூச்சுகள் ஃபுளோரின் சேர்ந்தவை, பி.எஃப்.ஏ.எஸ். என்ற, எளிதில் சிதையாத வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்தின் பி.எஃப்.ஓ.எஸ். 2009-இலும் பி.எஃப்.ஓ.ஏ. 2019-இலும், சிதையாமல் நீடிக்கும் நச்சுப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் ஏறின. கலிஃபோர்னியா 2025 ஜனவரி முதல் உடைகளில் இவற்றைத் தடுத்திருக்கிறது. கடும் ஈரச்சூழலுக்கான உடைகளுக்கு மட்டும் 2028 வரை தவணை. நல்ல முடிவு, தாமதமாக வந்த முடிவு என்பதே எங்கள் கருத்து. ஆனால் மாற்றாக வந்த ஃபுளோரின் இல்லாத பூச்சுகள் தண்ணீரை விலக்கும், எண்ணெயை விலக்கா. கழுத்துப்பட்டியில் ஏறும் முகத்து எண்ணெய், சன்ஸ்கிரீன், முதுகுப்பை வாரிலிருந்து ஏறும் அழுக்கு எல்லாம் அப்படியே ஒட்டும். ஒட்டிய இடம் முதலில் ஊறும். ஆகவே புதிய பூச்சுள்ள ஜாக்கெட்டை முன்பைவிட அடிக்கடி துவைக்க வேண்டும். நீங்களோ 'புதிய, பசுமையான பூச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவைக்கும் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

ஐ.எஸ்.ஓ. 4920 தெளிப்புச் சோதனை உங்களுக்கு மனப்பாடம்: 45 பாகை சாய்த்த துணியின்மேல் 150 மி.மீ. உயரத்திலிருந்து 250 மி.லி. தண்ணீர். மலிவான, விரைவான சோதனை. புதிதாக இருக்கையில் என்ன மதிப்பெண், 5, 10, 20 துவைப்புக்குப் பிறகு என்ன மதிப்பெண், சூடு காட்டினால் எவ்வளவு மீள்கிறது என்பதை ஒரே வரிசையில் அச்சிட்டால் போதும். வாங்குகிறவர் ஒப்பிட்டுக்கொள்வார்.

இப்போதைக்குத் துவைப்புக் குறிப்புகள் பலவும் ஒன்றோடொன்று மோதுகின்றன. உள்ளே தைத்த துண்டில் டிரையர் கூடாது என்ற குறியைப் போட்டுவிட்டு, இணையப் பக்கத்தில் 'சூட்டில் உலர்த்திப் பூச்சை மீட்டெடுங்கள்' என்று எழுதுகிறீர்கள். எதைக் கேட்பது? மேல்துணி, சவ்வு, உள்வலை மூன்றும் ஒன்றாக ஒட்டிய மூன்றடுக்கு ஜாக்கெட்டுக்கு நாங்கள் செய்வது இது. காய்ந்த சேற்றைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஜிப்பை மூடி, வெல்க்ரோவை ஒட்டி, இழுகயிறுகளைத் தளர்த்துவோம். இயந்திரத்தின் சோப்புத் தட்டில் ஒட்டியிருக்கும் பழைய பொடியையும் துணி மென்மையாக்கியையும் முதலில் கழுவிவிடுவோம். அதில் மிச்சமிருக்கும் கொஞ்சமே பூச்சைக் கெடுக்கப் போதும், ஏனென்றால் சோப்பின் வேலையே தண்ணீரைத் துணியோடு ஒட்டவைப்பதுதான். பிறகு இத்தகைய துணிக்கான திரவச் சோப்பில், 30 பாகை செல்சியஸில் துவைத்து, இரண்டு முறை அலசி, மெதுவான சுழற்சியில் பிழிவோம். டிரையரில் குறைந்த சூட்டில் காயவிட்டு, காய்ந்த பின்னும் 20 நிமிடம் ஓடவிடுவோம். அதன் பிறகும் தண்ணீர் உருளவில்லையென்றால்தான் புதுப் பூச்சு. அதை மறுபடி நனைத்த மேல்துணியில் வெளிப்பக்கம் மட்டும் தெளித்து, மீண்டும் சூட்டில் உலர்த்துவோம். தொங்கு உள்துணி உள்ள இரண்டடுக்கு ஜாக்கெட்டில் துவைப்போடு சேர்க்கும் பூச்சைப் போட்டால் உள்துணியும் பூச்சைக் குடித்து வியர்வையை உறிஞ்சாமல் போய்விடும். இந்த வித்தியாசமும் குறிப்பில் கிடையாது.

அடுத்து, தேய்மானம். முதுகுப்பை வார் படும் தோள், இடுப்புப் பட்டை உரசும் பக்கவாட்டு, மணிக்கட்டின் ஓரம்: இந்த மூன்றுதான் முதலில் போகும். தோளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கதை தெரியும். மேல்துணியில் மெல்லிய நூற்பிசிறு எழுந்திருக்கும். உள்ளே திருப்பினால் அதே வாரின் அகலத்துக்கு உள்வலை மினுங்கிப்போய், நடுவே ஊசிமுனை அளவில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அங்கேதான் சவ்வு போயிருக்கிறது. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். 20 டெனியர் துணியில் தைத்த ஜாக்கெட்டை 'மலைக்கும் காட்டுக்கும்' என்று விற்றால், அதன்மேல் 15 கிலோ சுமை ஏறும் என்று யாரும் யோசிக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது. எடையைக் குறைப்பது உங்கள் உரிமை. தோளிலும் முன்கையிலுமாவது 70, 80 டெனியர் வையுங்கள். இல்லையென்றால் 'கனத்த முதுகுப்பைக்கு உகந்ததல்ல' என்று எழுதுங்கள். உள்ளே துணியே இல்லாமல் அச்சுப் புள்ளிகளை மட்டும் வைத்து 'இரண்டரை அடுக்கு' என்று விற்பதற்கும் இது பொருந்தும். தோல் நேரடியாக உரசும் சவ்வு நாளாவட்டத்தில் தேயத்தான் செய்யும்.

சவ்வு உரிந்து வருவது வேறு நோய். மேல்துணிக்கும் சவ்வுக்கும் இடையிலுள்ள பசை விட்டுப்போய்க் கொப்புளம் கொப்புளமாக எழும். பாலியூரித்தேன் பூச்சாக இருந்தால் பிசுபிசுத்து, நாறி, வெள்ளைச் செதில்களாக உதிரும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து பாலியூரித்தேனின் பிணைப்புகளை அறுப்பதே காரணம். பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேன் இதற்குச் சீக்கிரம் ஆட்படும், பாலியீத்தர் வகை அதிகம் தாங்கும். எது உங்கள் துணியில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. இந்தச் சிதைவு போட்டுக்கொண்டால்தான் நடக்கும் என்பதில்லை. கிடங்கில் பிளாஸ்டிக் உறைக்குள் அடைந்து கிடக்கையிலும் நடக்கும். மூன்று வருடம் கிடந்த ஜாக்கெட்டைத் தள்ளுபடியில் வாங்குகிறவர் அதன் ஆயுளில் மூன்று வருடத்தைப் பறிகொடுத்துத்தான் வாங்குகிறார். பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது. உற்பத்தி மாதமும் ஆண்டும் உங்கள் உள்துண்டில் புரியாத குறியீடாக இல்லாமல் படிக்கிற மாதிரி வரவேண்டும். கொப்புளம் பரவிவிட்டால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது, அதையும் சொல்லிவிடுகிறோம்.

தையல்களில் பழுது கணிக்கக்கூடிய இடத்தில்தான் வரும். ஊசி குத்திய ஒவ்வொரு துளையையும் மூடுவது உள்ளே சூட்டில் ஒட்டிய சீம் டேப்தான். அக்குளிலும், ஹூட் கழுத்தோடு சேரும் இடத்திலும் மூன்று நான்கு தையல் ஒரே புள்ளியில் கூடும். டேப்பின்மேல் டேப் ஏறி அங்கே மேடு தட்டும். மேட்டின் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்து, தண்ணீர் அதன் வழியே ஓடி, சம்பந்தமில்லாத இடத்தில் சொட்டும். அகல டேப்பில் மறுபடி ஒட்ட இடம் கிடைக்கிறது. எடை குறைக்கிறோம் என்று 8 மி.மீ. டேப் போட்டால் கொஞ்சம் விலகினாலே தையல் வெளியே வந்துவிடுகிறது. இரண்டடுக்கு ஜாக்கெட்டின் உள்துணியில், கைவிட்டு டேப்பைத் தொடுவதற்கு 20 செ.மீ. பிரிக்கக்கூடிய தையல் ஒன்று விடுங்கள். இதற்கு உங்களுக்குச் செலவு ஏதும் இல்லை.

ஜிப்புக்கு வருவோம். மனம் கொதிப்பது இங்கேதான். நல்ல சவ்வு, நல்ல துணி, பழுதில்லாத தையல் எல்லாம் இருந்தும், பற்களைக் கோத்து ஏறி இறங்கும் ஒரு ரன்னருக்காக ஜாக்கெட் மொத்தமும் மூலைக்குப் போகிறது. ஜிப் திறந்துகொள்கிறதென்றால் பெரும்பாலும் பல்லில் கோளாறு இல்லை. மணலும் உப்பும் அரைத்து, ரன்னரின் மேல்தகடும் கீழ்த்தகடும் விலகிவிடுகின்றன, பற்கள் கோத்துக்கொள்ளும் அளவுக்கு அது அழுத்துவதில்லை. சிறு குறடால் இரு பக்கமும் இலேசாக, ஒரே அளவில் அழுத்தினால் சில மாதம் ஓடும். அதிகம் அழுத்தினால் உடையும். அதன் பிறகு ரன்னரை மாற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. ஆனால் ரன்னரைக் கழற்ற ஜிப்பின் மேல்முனை வெளியே வரவேண்டுமே! அதை மோவாய் மடிப்புக்குள் புதைத்துப் பசையிட்டு ஒட்டிவிடுகிறீர்கள். துணியைச் சேதப்படுத்தாமல் அதை எடுக்க வழியில்லை. மேல்முனையின் இரண்டு செ.மீ.யை மட்டும் நூலில் தைத்து விடுங்கள். பிரித்து, மாற்றி, மூடிக்கொள்கிறோம்.

கீழே பெட்டிக்குள் சொருகும் முள் பட்டியிலிருந்து கழன்றுவிட்டால் முழு ஜிப்பையும் மாற்றுவதே வழி. தைத்த ஜிப் என்றால் பிரித்து, அதே நீளத்தில் புதிதை வைத்து, பழைய துளை வரியிலேயே தைத்து, உள்ளே டேப் போடலாம். தையலே இல்லாமல் பசையில் ஒட்டிய ஜிப் என்றால் பிடுங்கும்போது சவ்வும் கூடவே வரும். பார்க்க வழவழவென்று அழகாகத்தான் இருக்கிறது. நீர்காப்பு ஜிப் என்று நீங்கள் சொல்வதிலும் திருத்தம் வேண்டும். சுருள் பல் உள்ளே திரும்பிய ஜிப்பின் வெளிப்பக்கத்தில் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது அது. தண்ணீரைத் தாமதிக்கும், முழுக்க நிறுத்தாது. படலம் வெடித்த பிறகு தாமதிப்பதும் இல்லை. உள்ளே இரண்டு விரல் அகலத்தில் ஒரு மடிப்புப் பட்டி வைத்திருந்த பழைய வடிவங்கள் இந்த விஷயத்தில் மேல்.

வெல்க்ரோ, இழுகயிற்றின் பூட்டு, ரப்பர் இழை இவையெல்லாம் சில்லறை. ஆனால் பூட்டைத் துணியடுக்குக்குள் வைத்து மூடாதீர்கள்.

ஒட்டுப்போடுவதற்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒன்று. ஜாக்கெட்டோடு அதே துணியில், அதே நிறத்தில் 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். பொத்தானுக்கு உதிரி தருகிற வழக்கம் உங்களிடமே இருக்கிறதே. பூச்சில் சிலிக்கோன் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். சிலிக்கோன் பட்ட துணியில் சாதாரண ஒட்டுப்பட்டி ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தாலும் நிற்பதில்லை. வேறு பசை தேட வேண்டியிருக்கிறது.

கடைசியாக, உத்தரவாதம். 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று பெரிய எழுத்திலும், 'பொருளின் எதிர்பார்க்கத்தக்க வாழ்நாள்' என்று சின்ன எழுத்திலும் எழுதுகிறீர்கள். அந்த வாழ்நாள் எத்தனை வருடம் என்று எங்கும் இல்லை. சவ்வு ஒட்டு எத்தனை வருடம், சீம் டேப் எத்தனை வருடம், ஜிப் எத்தனை வருடம் என்று தனித்தனியாகப் போடுங்கள். குறைவான எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்குக் கீழேயே ரன்னரின் அளவும் வகையும் ஒரு வரியில் வரட்டும். சுருள் வெளியே தெரியும் ஜிப்பின் ரன்னரும், சுருள் உள்ளே திரும்பிய ஜிப்பின் ரன்னரும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இப்போது அதைக் கண்டுபிடிக்கப் பழைய ரன்னரின் முதுகைத் திருப்பி, தேய்ந்துபோன எழுத்தை உருப்பெருக்கியில் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
மழை ஜாக்கெட் பழுதுபார்ப்பவர்கள்