கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு ஓர் அறை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வழிபாட்டுத் தலங்களில் நடக்கும் திருமணங்களுக்குக் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவது சடங்கின் புனிதத்தைக் கெடுக்கிறது, பிள்ளை பெற்றவர்கள் வீட்டில் இருந்தபடியே வாழ்த்து அனுப்பினால் போதும் என்று உங்கள் பக்கத்தில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை என் மனைவியிடம் நான் காட்டவில்லை. காட்டியிருந்தால் இந்தப் பதிலை அவள் எழுதியிருப்பாள். நீங்கள் அச்சிட்டிருக்க முடியாது.

அண்மையில்தான் எங்கள் ஐந்து மாத மகளோடு விமானம் ஏறி ஒரு திருமணத்துக்குப் போய்வந்தோம். மணமகள் என் மனைவியின் உயிர்த்தோழி. பள்ளியில் ஒரே பெஞ்சு. பிரசவத்தன்று என் மாமியாருக்கும் முன்பே மருத்துவமனைக்கு வந்து நின்றவள். சடங்கு நடக்கும்போது தன் பக்கத்தில் என் மனைவி நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எந்த மதத்துத் திருமணம் என்பதை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். எழுதினால், 'அவர்கள் எப்போதுமே அப்படித்தான்' என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். நான் சொல்ல வந்தது எல்லா மதத்தாருக்கும் பொருந்துகிற விஷயம்.

'வீட்டில் விட்டுவிட்டு வரலாமே' என்கிறார் வாசகர். யாரிடம் விடுவது என்பதல்ல சிக்கல். எதைக் கொடுப்பது என்பதுதான். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் எடுத்து வைத்துவிட்டுப் போகலாம்தான். 25 டிகிரிக்கு மிகாத அறையில் நான்கு மணி நேரம் வரை, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை கெடாது. ஆனால் குழந்தை குடிக்க வேண்டுமே! எங்கள் மகள் பாட்டிலைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுவாள். இன்னொரு பக்கம், பல மணி நேரம் கொடுக்காமல் இருந்தால் பால் கட்டி, தாய்க்கு வலியும் காய்ச்சலும் வரலாம். இந்தப் பருவத்தில் தாயை அழைத்தால் சேயையும் சேர்த்து அழைத்ததாகத்தான் பொருள்.

பயணம் அவர் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. பெரும்பாலான விமான நிறுவனங்களில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மடியில் அமர்ந்து வரலாம். விமானம் கீழே இறங்கத் தொடங்கும்போது காற்றழுத்தம் மாறுவதால் காது வலிக்கும். அந்த நேரம் பார்த்துப் பால் கொடுத்தால், விழுங்க விழுங்கக் காதடைப்பு விலகும். கைப்பையில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி 2006-க்குப் பிறகு உலகெங்கும் பரவினாலும், பல விமான நிலையங்களில் குழந்தையின் பாலுக்கு விலக்கு உண்டு. விமானத்தைவிட, அங்கே இறங்கியபின் ஏறிய கார்தான் எனக்குக் கவலை தந்தது. குழந்தை இருக்கை இல்லாத வண்டியை அனுப்பிவிட்டு, 'மடியில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கம்தான்' என்றார்கள். விபத்து தூரம் பார்த்து வருவதில்லை. வேறு வண்டி பிடித்துப் போனோம். கல்யாண வீட்டாருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சோதனை, சடங்கு நடந்த இடத்தில்தான் காத்திருந்தது. அழைப்பிதழில் தொடங்கும் நேரம் மட்டும் இருந்தது. எப்போது முடியும் என்று விசாரித்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். சடங்கை நடத்துபவரோ 'எல்லாம் நல்லபடியாக முடியும்' என்று ஆசி கூறினார். பெரியவர்களுக்கு அது போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்கிற ஓர் உயிருக்குப் போதாது. எது எப்போது நடக்கும் என்று முன்னதாகத் தெரிந்திருந்தால், முக்கியமான கட்டத்துக்கு முன்பே பால் கொடுத்து, தூங்க வைத்து, என் தோளில் சாய்த்துக்கொண்டிருப்பேன்.

உறுதிமொழிக்கு மணமக்கள் எழுந்து நின்ற அந்த நேரத்தில்தான் மகள் வீறிட்டாள். என் மனைவி தோழியின் கையை விட்டுவிட்டு இறங்கி வந்தாள். எங்கே போவது? ஒருவர் கூடத்துக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைக் காட்டினார். கூரை வரை அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுருட்டி வைத்த ஜமக்காளங்கள், ஒரு கால் உடைந்த மைக் ஸ்டாண்ட். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அவள் ஒரு ஜமக்காளச் சுருளின்மேல் உட்கார்ந்து பால் கொடுக்க, நான் கதவில் முதுகைச் சாய்த்துக் காவல் நின்றேன். அப்படியும் இரண்டு பேர் நாற்காலி எடுக்க வந்து கதவைத் தள்ளினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் உறுதிமொழி கேட்டது. மணமகளின் குரல் ஒரு சொல்லில் தடுமாறி நின்று, மறுபடி தொடங்கியது. 'நான் பக்கத்தில் இருந்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன்' என்றாள் என் மனைவி. இந்தத் தருணத்துக்காக விமானம் ஏறி வந்தவள், அதைச் சுவர் வழியாகக் கேட்டாள்.

வாசகர் பேசும் புனிதம் எனக்கும் புரிகிறது. குழந்தை கத்திக்கொண்டிருக்க, இடத்தைவிட்டு அசையாமல் கைபேசியில் படம்பிடித்துக்கொண்டிருக்கும் பெற்றோரை நானும் பார்த்திருக்கிறேன். எரிச்சல் வரத்தான் செய்யும். கைக்குழந்தையோடு வருபவர்கள் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். முதல் சிணுங்கலிலேயே எழுந்துவிட வேண்டும். ஆனால் எழுந்து போவதற்கு ஓர் இடம் வேண்டாமா? அதைச் செய்து தராமல், அழுகையை மட்டும் குற்றம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே குழந்தை அழுததற்குப் பசி மட்டும் காரணமில்லை. ஒலிபெருக்கிப் பெட்டி எங்கள் வரிசைக்கு நேர் எதிரே இருந்தது. நிகழ்ச்சிக் கூடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. பெரியவர்களே பொறுக்க முடியாத சத்தத்தைப் பிஞ்சுக் காது எப்படித் தாங்கும்? புகை மூட்டமும் அப்படித்தான். நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிற குழந்தை, தன் எடைக்கு நம்மைவிட அதிகமாகப் புகையை உள்ளே இழுக்கும்.

பாசத்தாலும் தொல்லை உண்டு. தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணையே ஒன்பது மாதத்திலோ, சில நாடுகளில் ஒரு வயதிலோதான் போடுகிறார்கள். அதற்கு முன், இருமிக்கொண்டே கன்னத்தில் முத்தமிட வருபவர்களிடமிருந்து பிள்ளையைக் காப்பது ஒரு முழுநேர வேலை. என் மகளுக்கு ஆசி வழங்க வந்த ஒரு பெரியம்மா, விரலில் தேனைத் தொட்டுக்கொண்டு அவள் வாயருகே கொண்டுவந்துவிட்டார். நான் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் குடலில் பெருகி நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்துவிடும். 'நாங்களெல்லாம் தேன் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே தம்பி' என்றார் அவர். 'உங்கள் ஆசி போதும் பெரியம்மா' என்று அந்த விரலை என் வாயில் வாங்கிக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியம்மாவும் சிரித்தார்.

திருமண வீட்டாரிடம் கேட்பது பெரிய செலவில்லை. சடங்கின் முக்கியக் கட்டங்கள் எந்தெந்த நேரத்தில் வரும் என்பதைக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு முன்னதாகச் சொல்லிவிடுங்கள். உத்தேசமாகச் சொன்னாலும் போதும். வழிபாட்டுத் தல நிர்வாகிகள் ஓர் அறையை ஒதுக்கித் தரட்டும். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள், துணி மாற்ற ஒரு மேசை, சடங்கு கேட்கிற அளவுக்கு ஒரு சின்ன ஒலிப்பெட்டி. சடங்கு தெரியும்படி ஒரு கண்ணாடிச் சன்னல் வைத்தால் இன்னும் நல்லது. பால் கொடுக்கத்தான் என்றில்லை. என்னைப் போல் பிள்ளையைத் தோளில் போட்டு உலாவும் அப்பாக்களுக்கும் அங்கே இடம் வேண்டும்.

அந்த வாசகர் தம் ஊர் வழிபாட்டுத் தலத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பதாக எழுதியிருந்தார். அப்படியானால், கூடத்தின் பின்பக்கம் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் அறை எது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது, எப்போது திறந்துவிடப் போகிறார்கள் என்பதை இதே பக்கத்தில் அவர் எழுதினால், அந்தக் கடிதத்தை என் மனைவியிடம் தயங்காமல் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஐந்து மாதக் குழந்தையின் தந்தை